காலன் வெறுங்கையோடு திரும்பியது
(புதுமைப்பித்தன் கதைகளிற் சாக்காடும் மறுமையும்)

இறந்தபின் உயிர் யாதாகும் என்னும் வினா நெடுங்காலம் சமய நூல்களிலும் புராணங்களிலுமே ஆராயப்பட்டு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மேனாட்டு முறையைத் தழுவித் தமிழிற் றோன்றிய சிறுகதையும் அவ்வினாவைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அங்ஙனம் எடுத்துக்கொண்டோருள் முதன்மையானவர், புதுமைப்பித்தன் என்னும் புனைபெயர் பூண்ட சொ. விருத்தாசலம் ஆவர். 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் திருப்பாதிரிப்புலியூரிற் பிறந்து, திருநெல்வேலியில் வளர்ந்து கற்று, 1948ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள் திருவனந்தபுரத்தில் என்புருக்கி நோயால் உலகு நீத்தவர். அவர் பிறந்த ஊர், கல்லொடு பிணித்துக் கடலில் வீழ்த்தப்பட்ட அப்பரடிகள் அக்கல்லே மிதவையாகக் கரையேறிய தலமென்பதைச் சைவ அன்பர்க்கு நினைவூட்ட வேண்டுவதில்லை. சாவை எள்ளிய ஒருவரது கதைகளைப் பேசப்புகுமிடத்து அவ்வியைபு தானே நெஞ்சில் வந்து நிற்கின்றது.

இவர் கதைகளைச் சைவ மக்கள் கொள்ளும் முறை இருவகைத்து. ஒரு சாரார், தெய்வத்தையும் கூற்றுவனையும் நகைப்புக்கு ஆளாக்கும் இவை நாத்திகமே என்று கூறி நூலை மூடிவிடுவர். மற்றொரு சாரார், கயிற்றரவு என்பதுபோலும் தலைப்புக்களைக் கண்ட அளவில், இவை மாயாவாதத்தின் சாயலின என்று கூறி அமைவர். இரண்டும் ஆராயாது கூறுவனவேயாம். வீட்டில் ஒருவர் மாய்ந்த அன்றைக்கு, மறுமை உண்டோ என்னும் ஐயம் சிவபூசை புரிவோர் நெஞ்சிலும் எழுகின்றது. அவ்வையத்தை மறையாது சொல்லும் கதையைப் புறக்கணித்துவிடின், ஐயம் மட்டும் உள்ளே நின்றுவிடும். ஆகலின், கதை எவ்விடத்துச் சித்தாந்தத்தோடு ஒத்துச் செல்கின்றது, எவ்விடத்துப் பிரிகின்றது, பிரிந்தவிடத்து மெய்கண்ட நூல்கள் கூறும் விடை யாது என்று காண்டல் இன்றியமையாததாகும்.

முதற்கண் எடுத்துக்கொள்ளத்தக்கது 'காலனும் கிழவியும்' என்னும் கதை. கதைப்பொருள் சிறிது. ஆண்டு பல கண்ட ஒரு நாட்டுப்புறக் கிழவியின் உயிரைக் கொள்ளக் காலன் தானே வருகின்றான். அவள் அஞ்சினாளல்லள், அழுதாளல்லள், வழிபட்டாளுமல்லள். தன் ஊர்ப் பேச்சிலேயே, வந்த விருந்தினனொடு வழக்காடுவாள் போல அவனொடு வழக்காடுகின்றாள். அவள் கேட்பதன் சாரம் இது: அவனாற் கொண்டுபோகற்கு இயல்வது தன் உயிர் ஒன்றே, இவ்வுடம்பைத் தூக்கிச் செல்லும் ஆற்றல்கூட அவனுக்கு இல்லை. ஒன்றனை வேறொன்றாக மாற்றுதல் கூடும். அடியோடு இல்லையாக்குதல் அவனால் ஆகாது, அவனைப் படைத்த கடவுளாலும் ஆகாது. இதற்கு விடை கூறமாட்டாது காலன் வெறுங்கையோடு திரும்புகின்றான்.

எழுத்தறியாத ஒருத்தியின் வாயில் ஆசிரியர் வைத்த இவ்வழக்கு, சற்காரியவாதத்தின் நடுநரம்பேயாகும். உள்ளது அழியாது, இல்லது தோன்றாது என்பது சித்தாந்தத்தின் அடிப்படை. மட்குடம் உடைந்தவழி ஓடாகும், ஓடு பொடியாகும், பொடி மண்ணாகும், மண் இன்மையாகாது. குடம் தோன்றுமுன்னும் மண்ணினிடத்து நுண்ணிலையில் இருந்தது. உடைந்தபின்னும் நுண்ணிலைக்கே மீண்டது. தோற்றம் என்பது நுண்மை பருமையாதல். அழிவு என்பது பருமை நுண்மையாதல். சிவஞானபோத முதற்சூத்திரம் உலகின் இறுதியை ஒடுக்கம் என்னும் பொருள்பட உரைப்பதும், ஒடுங்கிய அது மலங்காரணமாக மீளத் தோன்றுமென்பதும், ஒடுக்குபவனே முதல்வன் என நாட்டுவதும் இக்கருத்துப் பற்றியேயாம். அருணந்தி சிவாசாரியர் இன்னும் ஒருபடி மேற்சென்று, சங்காரத்தை உயிர்களின் இளைப்பு நீக்கும் அருட்செயலாகவே காட்டுவர். பகலெல்லாம் உழைத்தவன் இரவில் உறங்குவது போன்றதே, பிறந்து பிறந்து எய்த்த உயிர்க்கு ஒடுக்கம். அழிப்பென்னும் சொல் செவிக்கு அச்சம் விளைப்பினும் பொருள் அச்சத்திற்குரியதன்று.

இதற்கு எடுத்துக்காட்டு இக்காலத்தில் தேடவேண்டுவதில்லை. சிவஞான முனிவர் புராணம் பாடிய காஞ்சியின் பெயரால் வழங்கும் மாவட்டத்தில், வண்டலூரிலிருந்து வாலாசாபாத்திற்குச் செல்லும் பெருவழியிற் சேரப்பணஞ்சேரி என்னும் ஊர் உளது. அதனை அடுத்த ஒரகடத்தில் 2010ஆம் ஆண்டு ரெனோ, நிசான் என்னும் இரு குழுமங்களும் சேர்ந்து மோட்டார் வண்டி ஆலை திறந்தன. அதன் முன்னும் பின்னும் சுற்றுப்புறத்து ஊர்களில் ஆலைகள் பல எழுந்தன. மழைநீர் பார்த்துப் பயிர் செய்த நிலப்பரப்பு இயந்திரம் ஓடும் பரப்பாயிற்று. பழைய ஊரை அறிந்த முதியோர், ஊர் அழிந்தது என்று சொல்லுதல் இயல்பு. நிலமோ நின்றது, வடிவும் பெயரும் தொழிலுமே மாறின. ஆங்குச் செய்யப்படும் வண்டியும் ஒருநாள் உடைந்து உலையிற் புகுந்து மீண்டும் இரும்பாகும். ஆயினும், நிலத்தின் மாற்றத்தை அழிவென்று வருந்துவானது வருத்தம் பொய்யன்று. மாற்றமே என்று தெளிந்தபின்னும் இழப்பு இழப்பாகவே நெஞ்சை அறுக்கும். இந்நுட்பம் கீழே செல்லம்மாள் கதையிற் பயன்படும்.

அற்றேல், கடவுளாலும் அழிக்க இயலாதென்று கிழவி கூறுவது இறைவனது முற்றாற்றலுக்கு இழுக்காகாதோ எனின், ஆகாது என்க. சைவ சித்தாந்தத்திற் பதி, பசு, பாசம் என்னும் மூன்றும் அநாதி. பசு இறைவனாற் படைக்கப்பட்டதன்று. ஆதலின் அவனால் இல்லையாக்கப்படுவதும் அன்று. முயற்கொம்பைச் செய்யமாட்டாமை தச்சனுக்குக் குறையாகாதது போல, உள்பொருளை இல்பொருளாக்காமை இறைவனுக்குக் குறையாகாது. படைத்தல் முதலிய ஐந்தொழிலும் உயிர்களுக்கு உடம்பு முதலியன கூட்டியும் நீக்கியும் பக்குவப்படுத்தற் பொருட்டேயன்றி, உயிரை ஆக்குதற்கும் அழித்தற்கும் அல்ல. இவ்வளவில், ஒன்றுமில்லாமையினின்று உலகைப் படைத்தான் எனக் கொள்ளும் சமயத்தார்க்கே கிழவியின் கூற்று முட்டாகும், சைவர்க்கு அன்று.

ஆயினும் ஈண்டே ஓர் இடர் உளது. ஒன்று மற்றொன்றாய் மாறுமன்றி அழியாது என்பதனை உலகாயதனும் ஒப்புக்கொள்வான். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டு வேதிநூலார் இலவாசியே, எரியும் பொருளின் நிறை குறைந்தொழிவதில்லை, வேறு பொருளோடு கூடி நிற்கின்றது என்று நிறுத்துக் காட்டினார். சடப்பொருள் நிலைபெறும் என்பதற்கு அது சான்று. அறிவுப்பொருள் நிலைபெறும் என்பதற்குச் சான்றாகாது. உடம்பு சாம்பலாகும், சாம்பல் மண்ணாகும், மண் புல்லாகும் என்று சொல்லி அமைந்துவிடின், கிழவி எங்கே? அவள் நினைவும் அன்பும் வினையும் எங்கே? ஆகவே கிழவியின் வழக்கு ஒன்றே மறுமையை நாட்டமாட்டாது. கதையை உயர்த்துப் பேசும் சிலர் இவ்விடத்தைக் கவனியாது, சைவம் முழுவதும் இக்கதையில் அடங்கிற்று என்பர். அது மிகை.

மெய்கண்டார் இவ்விடரை மூன்றாஞ் சூத்திரத்தில் தீர்த்தனர். ஆன்மா இல்லை என மறுக்கும் அறிவே ஆன்மா என்பதும், எனது உடல் என்று பிரித்துக் கூறும் வழக்கு உடற்கு வேறாய ஒருவனைக் காட்டும் என்பதும், ஒவ்வொன்றை மட்டுமே அறியும் ஐம்பொறிகளின் வேறாய் ஐம்புலனையும் ஒருங்கறிவது ஆன்மா என்பதும், கனவு நனவுகளை மாறி மாறி அறிவது ஆன்மா என்பதும், உறக்கத்தில் மூச்சு இயங்கவும் நுகர்ச்சியும் செயலும் நிகழாமையின் மூச்சு ஆன்மாவன்று என்பதும், அறிவிக்க அறிவதாகலின் அது இறைவனும் அன்று என்பதும் அங்கே முறையாக நிறுவப்பட்டன.

இவ்வளவைகளைக் கையிற் கொண்டு கிழவியின் பேச்சை மீண்டும் கேட்பின் ஒரு புதுமை விளங்கும். அவள் உடம்பை வேறாக வைத்துப் பேசுகின்றாள். உயிரையும் தன் உயிர் எனத் தன் உடைமைபோல வேறாக வைத்துப் பேசுகின்றாள். உடம்பும் அவள் அல்லள். காலன் கொண்டுசெல்லும் உயிரும் அவள் அல்லள். அங்ஙனமாயின், இரண்டையும் எனது என்று சொல்லி நகைத்து நிற்பவள் யார்? உலக வழக்கில் உயிர் என்னும் சொல் பெரும்பாலும் பிராணவாயுவையே குறிக்கும். உயிர் போயிற்று என்பது மூச்சு நின்றது என்பதேயாம். காலன் கைக்கொள்வதும் அதனையே. மூச்சு ஆன்மாவன்று என்று மெய்கண்டார் மறுத்தமையின், கூற்றுவன் பிடிக்குள் அகப்படுவது உடம்பிற்கும் உயிர்க்கும் இடையேயுள்ள பிணிப்பு மட்டுமே என்பது பெறப்படும். ஆசிரியர் இதனைக் கருதியே எழுதினாரோ அல்லரோ, எழுதிய சொற்கள் அவ்விடத்திற்கு வந்து நிற்கின்றன. கதையின் உயர்ந்த பகுதி இதுவே.

இனிக் கதை பிரியுமிடம். காலன் விடைகூற மாட்டாது திரும்பியது எதனால்? கிழவியின் சொல்வன்மையால் என்பதே கதை. சைவ நூல்களிலும் காலன் தோற்ற வரலாறு உண்டு. திருக்கடவூரில் மார்க்கண்டேயர்பொருட்டுக் காலன் உதைபட்டான். இறைவன் காலகாலன் எனப் பெயர் பெற்றான். பல்லவ வேந்தன் அழைப்பிற்கு மறுமாற்றமாக அப்பரடிகள் அருளிய திருத்தாண்டகம் நமனுக்கு அஞ்சாமையை முழங்குவது. இவ்விரண்டிடத்தும் அஞ்சாமைக்கு நிலைக்களம் திருவருள். அப்பரடிகளின் துணிவு, ஒருவர்க்கும் ஆளாகாத சங்கரனுக்குத் தாம் மீளா ஆள் ஆயினமையிற் பிறந்தது. கிழவியின் துணிவோ தன்னில் தானே பிறந்தது. அவளுக்கு ஆண்டான் இல்லை. முதுமையும் வறுமையும் நெடிய பழக்கமுமே அவளுக்குப் படைக்கலம். அதனை அகந்தை என்று கடிந்துவிடுதல் எளிது. ஆயினும் அது பொருந்தாது. எல்லாவற்றையும் இழந்தவளுக்கு அஞ்சுதற்கு யாதும் எஞ்சவில்லை என்னும் நிலை, பற்றறுதலுக்குப் புறவாயிலில் நிற்கும் நிலையாகும். உள்ளே புகுந்தவள் என்றுமட்டும் சொல்லலாகாது.

மற்றொரு குறையும் காணப்படும். காலன் திரும்பினால், அவள் நுகர்தற்குரிய வினை என்னாயிற்று? சித்தாந்தத்திற் கூற்றுவன் தன்னுரிமையாளன் அல்லன். அவனும் ஒரு பசுவே. இறைவன் ஆணையின்கண் நின்று, பிராரத்தம் முடிந்தவழி உடம்பினின்று உயிரைப் பிரிக்கும் பணி பூண்டவன். ஊர்க்கணக்கன் வரிப்பொறுப்பைத் தன் வாய்ச்சொல்லால் நீக்கிவிட இயலாதவாறு, காலனும் வழக்கில் தோற்றதனால் வினையை விட்டுவிட இயலான். வினைக்கணக்கு நிற்கவும் காலன் போயினான் என்பது நகைச்சுவைக்கு அழகு; நெறிக்கு ஒவ்வாது. ஆயின், கூற்றுவன் முதன்மையுடையவன் அல்லன், அவன் அச்சுறுத்தல் எல்லைக்குட்பட்டது என்னும் அளவிற் கதை சொல்வது உண்மையே.

உடம்பு நீங்கிய உயிர் யாண்டுச் செல்லும் என்பதனைப் பற்றிப் புதுமைப்பித்தன் வாய்திறவார். மெய்கண்ட நூல்கள் திறந்து கூறும். பருவுடம்பு வீழ்ந்தவழி உயிர் உடம்பின்றி நில்லாது. தன்மாத்திரை ஐந்தும், மனம் புத்தி அகங்காரம் மூன்றுமாகிய எட்டாலான புரியட்டகம் என்னும் நுண்ணுடம்பொடு செல்லும். நல்வினைப் பயன் துய்த்தற்குப் பூதசார உடம்பும், தீவினைப் பயன் துய்த்தற்கு யாதனா உடம்பும் எய்தும். துய்த்து எஞ்சிய வினையால் மீண்டும் கருவில் வீழும். துறக்கமும் நிரயமும் முடிந்த நிலைகள் அல்ல. வழியில் உள்ள தங்கல்களே. நிரயத்துன்பமும் சினத்தால் விளைவதன்று. மருத்துவன் புண்ணை அறுப்பதும், தாய் தந்தையர் மக்களை ஒறுப்பதும் அன்பு காரணமாதல் போல, அதுவும் மலநோய் தீர்க்கும் மருந்தென்பது சித்தியாரிற் றெளிவு. என்றும் நீங்காத எரிநரகத்தைச் சைவம் கொள்ளாமைக்குக் காரணம் இதுவே.

அங்ஙனம் சென்று வருவது உண்மையாயின் முற்பிறப்பு நினைவில் இல்லாதது ஏன் என்று இடையில் ஒருவர் கேட்பர். கனவு காண்பவன், அக்கனவினுள் தன் நனவு வாழ்வை முற்றும் மறந்துவிடுகின்றான். மறந்தான் என்பதனால் நனவில் வாழ்ந்தவன் வேறொருவன் ஆகிவிடுவானல்லன். சிவஞானபோத இரண்டாஞ் சூத்திரத்தின் பகுதியில் இவ்வுவமை வந்துள்ளது. மறதியை மறுமைக்குப் பகையாகக் கொள்வார்க்கு இதனினும் சுருங்கிய விடை இல்லை.

அவ்விடத்திலேயே மற்றோர் உவமையும் உளது: பாம்பு தன் தோலை உரித்துவிட்டு அகல்வது. இவ்வுவமையை நினைந்துகொண்டு, 1948ஆம் ஆண்டில் வெளிவந்ததும் புதுமைப்பித்தன் இறுதியாக எழுதிய கதைகளுள் ஒன்றுமாகிய 'கயிற்றரவு' என்பதனை நோக்குதல் தகும். கயிற்றைப் பாம்பென மருளுதல், மாயாவாதிகள் உலகப் பொய்ம்மைக்குக் காட்டும் பழைய எடுத்துக்காட்டு. பாம்பு ஒருகாலும் இருந்ததில்லை, கயிறே உள்ளது. இதனை இறப்பின்மேல் ஏற்றினால், பிறந்தவனும் இல்லை, இறந்தவனும் இல்லை, இரண்டும் மருள் என்று முடியும். சாவின் துன்பம் அதனால் தீருமெனிற் றீரலாம்; துன்புற்றவனும் உடன் தீர்ந்துவிடுகின்றான் என்பதே சித்தாந்தியின் குறை. சித்தாந்தியின் பாம்பு வேறு. அது கயிற்றில் தோன்றிய பாம்பன்று, உண்மைப் பாம்பு. தோல் உரிகின்றது, பாம்பு செல்கின்றது. உரிந்த தோலும் பொய்யன்று; கிடந்த தோலைக் கண்டு பாம்பு இறந்தது என அழுவது மட்டுமே மருள். குடம் உடைந்தவழிக் குடத்துள் இருந்த ஆகாயம் பெரிய ஆகாயத்தோடு ஒன்றாவது போல உயிர் ஒன்றிவிடும் என்னும் உவமையை மெய்கண்டார் அவ்விடத்தே பொருந்தாதென விலக்கியதும் இதுபற்றியே. போனது யாது, நின்றது யாது என்னும் வேற்றுமையைக் குடாகாயம் அழித்துவிடும்; பாம்புரி அதனைக் காத்துத் தரும்.

கயிற்றரவுக் கதையின் நாடியோ காலத்தைப் பற்றிய எண்ணம். காலம் ஆறென ஓடிக்கொண்டே இருக்கின்றது. அவ்வோட்டம் தன்னைப் பற்றியதோ, தான் அற்றவிடத்துக் காலமும் அறுமோ என்னும் வினா அதனுள் எழுகின்றது. இதனை வெறும் மயக்கவுரை என்று தள்ளற்க. சைவ தத்துவ முறையில் முப்பத்தாறனுட் காலமும் ஒன்று. அது மாயையினின்று தோன்றும் சடப்பொருள்; நியதி, கலை, வித்தை, அராகம் என்பவற்றொடு சேர்ந்து, உயிர்க்குச் சட்டைபோல் அமையும் பஞ்சகஞ்சுகத்துள் வைத்து எண்ணப்படுவது. காலம் உயிரைப் புறத்தே நின்று அடித்துச் செல்லும் வெள்ளமன்று, உயிர் அணிந்துகொண்ட ஆடை என்பது இதனாற் போதரும். ஆடை கழலும் நிலையில், வீடுபேற்றில், காலம் உயிரைப் பற்றாது. ஆகவே தன்னை நீக்கிக் காலம் தனக்கு இல்லை என்னும் அளவிற் கதையின் எண்ணம் செல்லும். அதற்குமேல், தான் அற்றால் உலகிற்கே காலம் இல்லை என்று செல்லுமாயின் ஒவ்வாது. ஒருவன் சட்டையைக் கழற்றியதனால் ஊரார் அனைவரும் சட்டையிழந்தாரல்லர். அன்றியும், சாவினால் அச்சட்டை கழல்வதில்லை. பருவுடம்பு ஒன்றே சாவிற் கழல்வது. கஞ்சுகம் அருளினாற் கழல்வது. சாவையே விடுதலை எனக் கொண்டு துணியும் சிலருடைய பெரும்பிழை இவ்வேறுபாட்டை அறியாமையால் நேர்வது. அத்துணிவால் ஆடை கழலாது. உடுத்தவன் நோய்மட்டும் மிகும்.

நிரயம் என்னும் சொல்லைத் தலைப்பிலேயே உடைய 'சிற்பியின் நரகம்' பற்றிச் சிறிது கூறி அப்பாற் செல்லலாம். காவிரிப்பூம்பட்டினத்துச் சிற்பி சாத்தன், தன் வாழ்நாள் முயற்சியாகக் கூத்தப்பெருமான் திருவுருவை வடிக்கின்றான். அவன் கனவில், அவ்வுருவின்முன் நிழல்போன்ற மக்கள் கூட்டங் கூட்டமாய் வந்து, உருவை ஏறிட்டும் நோக்காது, தமக்கு மோட்சம் வேண்டுமென்று மட்டும் ஓலமிடுகின்றனர். சிற்பிக்கு அதுவே நரகமாயிற்று. கோயிலை இகழ்ந்தது இக்கதை என்பார் உளர். உண்மையில் அது இகழ்ந்தது, கண்மூடி வாணிகம் செய்யும் வழிபாட்டினை. கூடிய அன்பினாற் கும்பிடுதலையன்றி வீட்டினையும் வேண்டாதவர் எனத் தொண்டரைச் சேக்கிழார் பெருமான் போற்றினர். மறுமைப் பயனை விலைபேசுவார் கூட்டத்தைக் கண்டு சாத்தன் அலறியது அத்தொண்டர்க்கு வியப்பாகத் தோன்றாது.

இவையெல்லாம் காலனும் கனவும் தத்துவமும் வரும் கதைகள். இவற்றுள் யாதும் வாராத கதை 'செல்லம்மாள்'. அறிவுடையோர் பலர் இதனையே ஆசிரியரின் தலைசிறந்த கதையாகக் கொள்வர், அது தக்கதே. சென்னையில் ஒரு துணிக்கடையில் ஊழியம் செய்யும் பிரமநாயகம் பிள்ளை, நெடுநாள் நோயுற்றிருந்த மனைவியைச் சாகக் கொடுத்து, இரவில் தனியே உடலருகே இருக்கின்றார். ஊர் தொலைவில்; உற்றார் அங்கில்லை. அவர் அழுது புரள்கின்றாரல்லர். உடலைத் தாமே நீராட்டுகின்றார். முகத்தின்மேல் ஈ வந்து அமராதவாறு விசிறுகின்றார். கதை மறுமையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. உண்டென்றும் இல்லை, இன்றென்றும் இல்லை. விடியலில் தெருவிற் சங்கு ஊதப்படுகின்றது. கூலிக்கு ஊதும் சங்கிற்குத் துயரம் இல்லை என்பதனை மட்டும் ஆசிரியர் குறிக்கின்றார்.

இக்கதையே சைவர்க்கு மிக்க கடினமானது. காலனொடு வழக்காடிய கிழவிக்கு நூலால் விடை கூறலாம். கயிற்றரவிற்குத் தத்துவத்தால் விடை கூறலாம். பிரமநாயகம் பிள்ளையின் அருகே சென்று, உயிர் அழியாது, நுண்ணுடம்பொடு சென்றது, துன்புறற்க என்று கூறுவது எவ்வாறு? கூறுவது பொய்யன்று, ஆயினும் அந்நேரத்திற்கு உரியதன்று. நிலம் ஆலையானபோது நிலம் அழியவில்லை எனத் தெளிந்தவனும் இழப்பை உணர்ந்தான் என்று மேலே கூறப்பட்டது. உயிர் நிலைபெறும் எனத் தெளிந்தவனும் செல்லம்மாளை இழந்தே உள்ளான். அவளுடைய உயிர் இருக்கின்றது. அவருடைய மனைவி இல்லை. இவ்விரண்டும் ஒருங்கே உண்மை.

இதனைச் சைவப் பெரியோர் அறியாதாரல்லர். அறிந்தமையினாலேயே, அந்நேரத்திற்கு நூலுரையை வைக்காது செயலை வைத்தனர். சோமசம்பு பத்ததி, அகோரசிவ பத்ததி முதலியவற்றில் விதிக்கப்பட்ட அந்தியேட்டி, தீக்கை பெற்றார்க்குச் செய்யப்படும் இறுதிக் கிரியை. அதுவும் தீக்கையின் பாற்படுவதே. உயிர் நீங்கிய உடலை நீராட்டித் திருநீறணிவித்து, ஆசிரியன் பிரிந்த உயிரைப் பாவனையால் மீள அழைத்து, எஞ்சிய அத்துவாக்களைச் சுத்தி செய்து சிவத்தோடு சேர்ப்பான். பாம்பு போயிற்று, தோல்தானே கிடக்கின்றது என்று தோலை அவர்கள் எறிந்துவிடவில்லை. அதனை நீராட்டினர், அதற்கு மலர் இட்டனர், போன உயிரை அதன் வாயிலாகவே அழைத்தனர். தத்துவத்தால் உடம்பு சடம் என்று கூறிய அதே நெறி, கிரியையில் அவ்வுடம்பைத் திருமேனிபோற் போற்றச் சொல்வது முரண்போலத் தோன்றலாம். உயிர் இத்துணைக் காலம் தங்கி அறிந்ததும் அன்புசெய்ததும் அவ்வுடம்பினாலேயாகலின் முரண் இல்லை.

பிரமநாயகம் பிள்ளைக்கு ஆசிரியனும் வரவில்லை, பத்ததியும் கையில் இல்லை. கிரியைக்குரிய சுற்றத்தாரும் இல்லை. அவர் நீரை ஊற்றிக் குளிப்பாட்டியதும், ஈயை ஓட்ட விடியுமளவும் விசிறியதும் மந்திரமின்றி நிகழ்ந்தன. அந்தியேட்டியின் முதல் உறுப்பாகிய நீராட்டு அவர் கையால் முன்னமே நடந்துவிட்டது என்பதனைக் கதையைப் படிக்கும் சைவர் காண்பர். சங்கு ஊதுவானுக்கு அது தெரியாது.